சைன் கடைக்கு மாற்று மெஷின்: எதை வாங்கி வைக்கலாம், எதை வைக்கக் கூடாது

2024 ஜூலை 6 – கேள்வி

தென்காசிப் பக்கம் சின்னதாக ஸ்டிக்கர், போர்டு கடை நடத்துகிறேன். ஆறடி ஈகோ சால்வென்ட் பிரிண்டர் ஒன்று, இரண்டடி ஸ்டிக்கர் கட்டர் ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று. ஆடி பிறந்தால் கோயில் கொடை வேலை குவியும். போன வருஷம் சரியாக அந்தச் சமயத்தில் பிரிண்டர் படுத்துக்கொண்டது, பாதி ஆர்டர் கைவிட்டுப் போனது. இப்போது பழைய பிரிண்டர் ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. வாங்கித் துணி போர்த்தி மூலையில் வைத்துவிட்டால், ஓடுகிற மெஷின் நின்றதும் அதை எடுத்து ஓட்டலாம் அல்லவா? வேறு என்னென்ன மாற்றாக வைத்திருக்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஜூலை 6, இரவு – பதில்

வாங்காதீர்கள்.

ஓடாத இங்க்ஜெட் பிரிண்டர் மாற்று மெஷின் ஆகாது. இங்க்கைத் துளித் துளியாகப் பீய்ச்சும் ஹெட், இங்க் வரும் ட்யூப், ஹெட்டுக்கு மேலே இங்க் தங்கும் சின்ன டேம்பர் என்று உள்ளே எல்லா இடத்திலும் இங்க் நிற்கிறது. இங்க்கில் இருக்கும் சால்வென்ட், அதாவது கரைப்பான், மெல்ல ஆவியாகிவிடும். நிறமியும் பிசினும் அங்கேயே கெட்டிப்படும். மூலையில் கிடந்த பிரிண்டரை ஆடி மாசம் அவசரத்துக்கு எடுத்தால், முதலில் அதற்கே ஹெட் மாற்ற வேண்டியிருக்கும். இங்க்கை எல்லாம் வடித்து, க்ளீனிங் சொல்யூஷன் ஏற்றி வைக்கலாம் என்பார்கள். வைக்கலாம்தான். ஆனால் அப்படி வைத்ததை மறுபடி இங்க் ஏற்றி, ஹெட்டின் துளைகள் அடைத்திருக்கிறதா என்று பார்க்கும் நாஸில் செக் சுத்தமாக வரவைத்து, நிறம் சரிபார்த்து முடிக்க ஒரு முழு நாள் போகும். ஆர்டர் கொடுத்த பார்ட்டி சாயந்திரமே வந்து நிற்பார்.

கடையில் இருக்கும் எல்லாவற்றையும் நான் இரண்டாகத்தான் பிரிப்பேன். சும்மா கிடந்தால் கெடாதது, சும்மா கிடந்தால் கெடுவது. கட்டர், பெல்ட், கேபிள், எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளை, பிளேடு எல்லாம் முதல் வகை. இங்க் ஏறிய பிரிண்டர், இங்க் பாட்டில், யுபிஎஸ் பேட்டரி, லேசர் ட்யூப் எல்லாம் இரண்டாம் வகை. முதல் வகையை வாங்கி அடுக்குங்கள். இரண்டாம் வகைக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

அது இருக்கட்டும், போன வருஷம் உங்கள் பிரிண்டரில் என்னதான் போனது? அதைச் சொல்லாமல் எதை வாங்குவது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜூலை 7

தென்காசி நண்பரிடமிருந்து பதில் வந்துவிட்டது. போனது டேட்டா கேபிள். ஹெட்டுக்குப் போகும் அந்தத் தட்டையான வெள்ளைக் கேபிள். மதுரையிலிருந்து டெக்னீஷியன் வந்து பார்த்து, கேபிள் இல்லை என்று சொல்லி, டெல்லிக்கு ஆர்டர் போட்டு, அது கூரியரில் வந்து சேர்வதற்குள் கொடை முடிந்திருக்கிறது.

இதற்காகத்தான் கேட்டேன். நின்றது ஒரு கேபிள். அதற்கு மாற்று இன்னொரு கேபிள்தான், இன்னொரு பிரிண்டர் இல்லை. ஊர்ப்பக்கம் கடை வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு பார்ட்ஸ் விலையைவிட அது வந்து சேரும் தூரம்தான் பெரிய செலவு. சென்னையில் இருப்பவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்துவிடுவார். நாம் ஆம்னி பஸ் பார்சலை எதிர்பார்த்துக் காலையில் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். அதுவும் சென்னையில் சரக்கு இருந்தால்.

பாளையங்கோட்டையில் என் கடையில் ஒரு மூடி போட்ட டப்பா இருக்கிறது. உள்ளே டேட்டா கேபிள் இரண்டு ஜோடி, டேம்பர் ஒரு செட், கேப்பிங் டாப் (ஹெட் ஓய்வில் உட்காரும் மூடி), வைப்பர் (ஹெட்டைத் துடைக்கும் ரப்பர்), இங்க் பம்ப், என்கோடர் சென்சார், என்கோடர் ஸ்ட்ரிப், கேரேஜ் (ஹெட்டைச் சுமந்து ஓடும் பகுதி) பெல்ட், ஃப்யூஸ். மொத்தமும் சேர்த்தால் ஒரு புது ஹெட் விலை வராது. பிரிண்டர் நின்றால் பத்தில் எட்டுத் தடவை அந்த டப்பாவிலேயே மருந்து இருக்கும்.

கேபிள் மாற்றும்போது கவனம். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே உருவி, கொஞ்சம் பொறுத்து அப்புறம் கை வையுங்கள். கேபிள் முனையில் துளி இங்க் ஈரம் இருந்தாலும் செருகாதீர்கள். கோணலாகச் செருகிய கேபிளும் ஈரக் கேபிளும் ஹெட்டையும் மெஷினின் சர்க்யூட் போர்டையும் ஒன்றாகக் கொண்டுபோகும். வெளிச்சத்தில் முனையைப் பிடித்துப் பாருங்கள், உலோகக் கோடுகள் வரிசையாகத் தெரிய வேண்டும். ஒரு கோடு கறுத்திருந்தால் அந்தக் கேபிளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். செருகியதும் கிளிப்பின் இரண்டு பக்கமும் ஒரே அளவு உள்ளே போயிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும்.

ஜூலை 9

கேரேஜ் ஓடிப் போய் ஓரத்தில் டம் என்று இடித்தாலோ, எழுத்து பக்கவாட்டில் தள்ளித் தள்ளி விழுந்தாலோ, போர்டு போய்விட்டது என்று பதற வேண்டாம். கேரேஜ் எங்கே இருக்கிறது என்று சென்சார் படிக்கும் பட்டை, அந்த என்கோடர் ஸ்ட்ரிப்பைப் பாருங்கள். இங்க் பனிமாதிரி படிந்து சென்சாருக்குக் கண் தெரியாமல் போயிருக்கும். பஞ்சு உதிராத துணியில் லேசான ஈரத்தோடு துடைத்தாலே பெரும்பாலும் சரியாகும். க்ளீனிங் சொல்யூஷனை அதில் தொடாதீர்கள், ஸ்ட்ரிப்பில் அச்சாகியிருக்கும் நுண்கோடுகளே கரைந்து வந்துவிடும்.

ஜூலை 14

கட்டர் பற்றிக் கேட்கிறார்கள். கட்டர் இரண்டு வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

கட்டர் கெடாமல் கிடக்கும். ஒரு வருஷம் தொடாமல் வைத்து எடுத்தாலும் பிளேடு புதிதாகப் போட்டால் வெட்டும். ரேடியம் எழுத்து, வண்டி நம்பர், கண்ணாடிக் கதவு ஃபிராஸ்டட் ஷீட் என்று அன்றாடச் சில்லறை வரவு எல்லாம் கட்டரில்தான். பிரிண்டர் நின்றாலும் கட்டர் ஓடினால் அன்றைக்குக் கடை வாடகை வந்துவிடும்.

இரண்டாவதை வாங்கும்போது அதே கம்பெனியின், அதே பிளேடு ஹோல்டர் போடக்கூடிய மாடலாகப் பார்த்து வாங்குங்கள். கிராஃப்டெக் பிளேடும் ரோலண்ட் பிளேடும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. கலந்து வைத்தால் இரண்டு விதப் பிளேடு ஸ்டாக் செய்ய வேண்டிவரும்.

பலரும் இடறுகிற இடம் ஒன்று உண்டு. விலை குறைந்த கட்டர்களில் பல, கம்ப்யூட்டரில் காம் போர்ட் ஆகத்தான் தெரியும். யுஎஸ்பியை வேறு ஓட்டையில் செருகினால் காம் 3 என்பது காம் 5 ஆகிவிடும். சாஃப்ட்வேர் பழைய நம்பருக்கே அனுப்பிக்கொண்டிருக்கும், கட்டர் அசையாது. "மெஷின் செத்துப்போச்சு அண்ணாச்சி" என்று போன் வரும். போர்ட் நம்பர், பாட் ரேட் (டேட்டா போகும் வேகம்), ஃபோர்ஸ், ஸ்பீடு எல்லாவற்றையும் ஒரு ஸ்டிக்கரில் வெட்டி கட்டர் நெற்றியிலேயே ஒட்டிவையுங்கள். ஸ்டிக்கர் கடைக்கு ஸ்டிக்கர் பஞ்சமா?

மாசம் ஒருமுறை இரண்டாவது கட்டரில் ஏதாவது ஒரு வேலையை ஓட்டுங்கள். பையனிடமே கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் வெளியூர் போயிருக்கும் நாளில்தான் அது தேவைப்படும்.

ஜூலை 20

கரண்ட். இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார், நியாயம்தான்.

2012 வாக்கில் தொழில் செய்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. இப்போது அந்தக் கொடுமை இல்லை. ஆனால் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு எடுத்தால் பிற்பகல் 2 மணிக்குத்தான் வரும். அது முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடுவதால் அதனால் பெரிய சேதம் இல்லை. சொல்லாமல் போகிற கரண்ட்தான் ஆபத்து.

பிரிண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கேரேஜ் நடுவழியில் நிற்கும். ஹெட் கேப்பில் உட்காராமல் திறந்தபடி காற்றுப் படும். நம் ஊர் வெயிலில், மேலே இன்வெர்ட்டரில் ஃபேனும் சுற்றினால், கொஞ்ச நேரத்திலேயே நாஸில் காயத் தொடங்கிவிடும். அதனால் பிரிண்டருக்கு யுபிஎஸ் வைப்பது அச்சடிப்பதைத் தொடர்வதற்காக மட்டும் இல்லை, ஹெட்டைக் கொண்டுபோய் உட்காரவைப்பதற்காக. பத்து நிமிஷம் தாங்கினாலே போதும். யுபிஎஸ்ஸும் இல்லை என்றால், பிளக்கை எடுத்துவிட்டு, கேரேஜை மெதுவாகக் கையால் தள்ளி கேப்பின்மேல் நிறுத்துங்கள். உங்கள் மெஷினில் அது எப்படிச் செய்வது, லாக் இருக்கிறதா என்பதை டெக்னீஷியன் வரும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

ஹீட்டரையும் ட்ரையரையும் யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள், அது இழுக்கிற கரண்டுக்கு யுபிஎஸ் தாங்காது. கம்ப்யூட்டர், பிரிண்டர் போர்டு மட்டும் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். ஹீட்டர் நேராக லைனில்.

எர்த் முக்கியம். மல்டிமீட்டரை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் வைத்துப் பாருங்கள். 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய நேரம். கோடையில் எர்த் குழியில் ஈரம் காய்ந்துவிடும், இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

யுபிஎஸ் பேட்டரியைக் கூடுதலாக வாங்கி வைக்காதீர்கள். சார்ஜ் ஏறாமல் கிடக்கும் லெட் ஆசிட் பேட்டரி தானாகச் செத்துவிடும். வாங்கிய தேதியைப் பேட்டரி மேல் மார்க்கரில் எழுதிவையுங்கள், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 3

கொடை வேலைக்கு நடுவே கொஞ்சம் நேரம் கிடைத்தது, எழுதுகிறேன். மெஷின் மெஷின் என்றே எல்லாரும் பேசுகிறோம். என் கடையில் எது நின்றால் எனக்குத் தூக்கம் வராது என்று கேட்டால் கம்ப்யூட்டர் என்றுதான் சொல்வேன்.

பிரிண்டர் நின்றால் பக்கத்துக் கடையில் அடித்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க் போனால் எதைக் கொண்டுபோய் அடிப்பது? இத்தனை வருஷ டிசைன், பார்ட்டி லோகோ, சைட் அளவு, டிசைனைப் பிரிண்டருக்குப் புரியும்படி மாற்றும் ரிப் சாஃப்ட்வேரில் மெனக்கெட்டு அமைத்த நிற ப்ரொஃபைல், ஃபாண்ட் எல்லாமே அதில்தான்.

டிசைன் ஃபைலைக் காப்பி எடுத்து வைத்திருப்பதாகப் பலரும் சொல்கிறார்கள். அது பாதி வேலைதான். புது கம்ப்யூட்டரில் விண்டோஸ் போட்டு, டிசைன் செய்யும் கோரல் போட்டு, ரிப் போட்டு, பிரிண்டர் டிரைவர் தேடி, அந்தப் பழைய டிரைவரை விண்டோஸ் ஏற்க மறுத்து, டெக்னீஷியன் எனிடெஸ்க் வழியாகத் தூரத்திலிருந்தே வந்து உட்கார்ந்து முடிப்பதற்குள் முகூர்த்தமே போய்விடும். அதனால் முழு டிஸ்க்கையும் அப்படியே க்ளோன் எடுத்து ஒரு எஸ்எஸ்டியில் வைத்துவிட வேண்டும். க்ளோன்ஜில்லா என்று இலவசமாகவே கிடைக்கிறது. பார்க்கப் பழைய காலத்துத் திரைபோல மிரட்டும், ஆனால் வேலையைச் சரியாகச் செய்யும். டிஸ்க் போனால் க்ளோனை மாட்ட வேண்டும், ஆன் செய்ய வேண்டும், அடிக்க வேண்டும். எடுத்த க்ளோனை ஒருமுறை நிஜமாக மாட்டி, அதிலிருந்து ஒரு பிரிண்ட் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அலமாரியில் வைக்க வேண்டும். போட்டுப் பார்க்காத க்ளோனை நம்ப முடியாது.

டாங்கிள். ரிப் சாஃப்ட்வேருக்கு யுஎஸ்பி டாங்கிள் (செருகினால்தான் சாஃப்ட்வேர் ஓடும் சாவி) இருந்தால், கம்ப்யூட்டர் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்க விடாதீர்கள். நாற்காலி தட்டி ஒடிந்த டாங்கிளைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பின்பக்கம் செருகுங்கள். தொலைந்தால் பல கம்பெனிகள் சாஃப்ட்வேரையே மறுபடி வாங்கச் சொல்லும். வாங்கிய பில்லையும் சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்து வையுங்கள், மாற்று கேட்கும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

அப்புறம் ஃபாண்ட். தமிழில் தொழில் செய்கிறவர்களுக்கு இது தனித் தலைவலி. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முந்தைய ஃபைல்கள் எல்லாம் வானவில், செந்தமிழ், ஸ்ரீலிபி, பாமினி என்று ஆளுக்கொரு குறியீட்டில் இருக்கும். கோரலில் யூனிகோட் தமிழ் உடையாமல் வரத் தொடங்கியதே எக்ஸ்6 வந்த பிறகுதான். அதற்கு முந்தைய ஃபைலை அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகத்தான் வரும். அதைப் பார்த்து என்ன பெயர் என்று கண்டுபிடிக்கவே முடியாது. பழைய குறியீட்டை யூனிகோடாக மாற்றும் என்எச்எம் கன்வெர்ட்டரில் போட்டு மீட்கலாம், ஆனால் எந்தக் குறியீடு என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

நான் ஒவ்வொரு வேலையையும் இரண்டு ஃபைலாக வைக்கிறேன். ஒன்று திருத்தக்கூடியது, ஒன்று எல்லா எழுத்தையும் கர்வ் ஆக்கியது, அதாவது ஃபாண்ட் தேவைப்படாத வெறும் கோடாக மாற்றியது. கூடவே ஒரு சின்ன ஜேபெக். ஃபாண்ட் ஃபோல்டர் முழுக்க பென் டிரைவில், அந்தப் பென் டிரைவ் வீட்டில். கடையில் வைத்தால் கடைக்கு ஏதாவது ஆகும்போது அதுவும் சேர்ந்து போகும்.

ஆகஸ்ட் 4

ஃபாண்ட் இல்லை என்றால் ஆங்கிலத்தில் போர்டு அடித்துக் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். முடியாது தம்பி. கடை போர்டில் தமிழ்தான் முதன்மையாக இருக்க வேண்டும் என்பது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதி. தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்று 5:3:2 அளவு. நாம் தப்பாக அடித்துக் கொடுத்தால் நோட்டீஸ் வருவது பார்ட்டிக்கு. அவர் அடுத்த போர்டுக்கு நம்மிடம் வரமாட்டார்.

அதைவிட, தமிழ் எழுத்தை அழகாக வைப்பதுதான் நம் தொழிலே. போர்டில் 'ழ' சுழி நசுங்கி நின்றால் தெருவே பார்க்கும்.

ஆகஸ்ட் 18

கொடை வேலை முடிந்தது. ஜூலை 6-ல் எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் நாகர்கோவில் நண்பர் ஒருவர் விடாமல் வாதம் செய்து என்னை யோசிக்க வைத்துவிட்டார்.

அவர் கடையில் பிரிண்டர் இரண்டு. ஆனால் ஒன்றுகூட மூலையில் நிற்கவில்லை. புதியது வினைல், ஒன்வே விஷனுக்கு. பழையது எப்போதும் ஸ்டார் ஃப்ளெக்ஸ், சின்ன பேனர். இரண்டும் தினமும் ஓடுகின்றன. ஒன்று நின்றால் மற்றது இரவு பத்து மணி வரை ஓடும், வேலை தாமதமாகும், ஆனால் நிற்காது. இரண்டிலும் ஒரே வகை ஹெட், ஒரே இங்க். பார்ட்ஸ் டப்பாவும் ஒன்றே போதும்.

அந்த அளவுக்கு வேலை இருந்தால் இரண்டாவது பிரிண்டர் வாங்கலாம், நான் ஒப்புக்கொள்கிறேன். தினம் இரண்டுக்கும் தீனி போட முடியுமா என்பதுதான் கேள்வி. தென்காசி நண்பரே, உங்கள் மெஷின் சாதாரண மாசத்தில் மத்தியானத்துக்குள் ஓய்ந்துவிடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்களுக்கு என் பதில் மாறவில்லை.

ஹெட் ஒன்று பிரிக்காமல் வாங்கி வைக்கலாமா என்றும் கேட்டிருந்தார்கள். எக்ஸ்பி600 போல விலை குறைந்த ஹெட் என்றால் சீசனுக்கு முன்னால் ஒன்று வாங்கி வைக்கலாம், சீல் உடைக்காமல் இருக்கட்டும். ஐ3200 மாதிரி விலை கூடிய ஹெட் என்றால் அந்தப் பணத்தை முடக்குவதற்கு முன்னால் யோசியுங்கள். தினம் காலையில் நாஸில் செக், சாயந்திரம் கேப்பையும் வைப்பரையும் துடைப்பது, இதை ஒழுங்காகச் செய்தாலே ஹெட் ஆயுள் கூடும். பழைய இங்க்கில் வேறு கம்பெனி இங்க்கைக் கலக்கக் கூடாது. சால்வென்ட் லைனில் தண்ணீர் படவே கூடாது, உள்ளே திரிந்துபோகும்.

செப்டம்பர் 11

பக்கத்துக் கடை.

பிரிண்டருக்கு உண்மையான மாற்று அதுதான் என்று நினைக்கிறேன். எனக்கும் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு நண்பருக்கும் வாய்ப் பேச்சில் ஓர் ஒப்பந்தம் உண்டு. யார் மெஷின் நின்றாலும் மற்றவர் கடை ரேட்டில் அடித்துக் கொடுப்பது. அவசரத்தைக் காட்டி ரேட்டை ஏற்றக் கூடாது. பார்ட்டியிடம் நேராகப் பேசக் கூடாது. பேனர் அடியில் போடும் கடைப் பெயரும் செல் நம்பரும் ஆர்டர் எடுத்தவருடையதாகவே இருக்க வேண்டும். ஃபைல் கர்வ் ஆகித்தான் போகும், வேலை முடிந்ததும் அவர் அழித்துவிடுவார். மீடியா, அதாவது அச்சடிக்கும் ஷீட், என்னுடையது என்றால் ரோலை நான் கொண்டுபோவேன்.

இது பேப்பரில் எழுதியதில்லை. ஆனால் நல்ல காலத்திலேயே பேசி முடித்ததால்தான் நிற்கிறது. மெஷின் நின்ற அன்றைக்குப் போய் நின்றால் எந்த நண்பருக்கும் ரேட் சொல்லத் தடுமாற்றமாக இருக்கும்.

இடைஞ்சல் நிறத்தில். ஒரே ஆர்டரில் பாதியை என் மெஷினிலும் மீதியை அவர் மெஷினிலும் அடித்தால் பக்கத்தில் பக்கத்தில் மாட்டும்போது தெரியும். 2024 தேர்தல் சமயத்தில், ஏப்ரல் 19 ஓட்டுப்பதிவுக்கு முந்தைய வாரங்களில், இதை நன்றாகப் பார்த்தோம். கட்சிக்காரருக்குக் கொடியின் சிவப்பு கொஞ்சம் ஆரஞ்சு அடித்தாலும் கண்ணில் குத்தும். அதனால் அவர் மெஷினில் என் வழக்கமான நிறங்களைக் கட்டம் கட்டமாக ஒரு துண்டு அடித்து வாங்கி, என் சுவரில் என் மெஷினின் துண்டோடு சேர்த்து ஒட்டியிருக்கிறேன். அங்கே அனுப்பும் ஃபைலில் எந்தச் சிவப்பை எவ்வளவு மாற்ற வேண்டும் என்று அதைப் பார்த்தால் போதும். முடிந்தவரை ஒரு ஆர்டரை முழுசாக ஒரே மெஷினில் முடித்துவிடுவது நல்லது.

தேர்தல் வேலை வேறு கடையில் அடிப்பதாக இருந்தால், அச்சிட்டவர் பெயரும் வெளியிடுபவர் பெயரும் போட வேண்டும் என்கிற, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவை மறந்துவிடாதீர்கள். இந்த ஒன்றில் மட்டும் உங்கள் கடைப் பெயர் நிற்கக் கூடாது. உண்மையில் அடித்தவர் யாரோ அவர் பெயர்தான்.

அக்டோபர் 5

லேசர் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக.

கண்ணாடி சிஓ2 ட்யூபை ஸ்பேராக வாங்கி வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும், எரியாமல் கிடந்தாலும் ஆயுள் குறையும். பஸ்ஸிலும் கூரியரிலும் உடைந்து வரும் பயம் வேறு. பதிலாக, ட்யூப் மங்கத் தொடங்கும் அறிகுறியைக் கவனியுங்கள். 5 எம்எம் அக்ரிலிக் போன மாசம் எந்த ஸ்பீடில், எத்தனை சதவீத பவரில் வெட்டியதோ அதைக் குறித்துவைத்தால், இந்த மாசம் கூடுதல் பவர் கேட்கும்போதே தெரிந்துவிடும். அப்போது ஆர்டர் போடுங்கள்.

வைத்திருக்க வேண்டியவை: லென்ஸ் ஒன்று, மிரர் ஒரு செட், தண்ணீர் பம்ப், முடிந்தால் ஹை வோல்டேஜ் பவர் சப்ளை. பவர் சப்ளையை நீங்களே மாற்றப் போகாதீர்கள், அணைத்த பிறகும் உள்ளே உயிரைக் குடிக்கும் வோல்டேஜ் நிற்கும்.

வினைலையும் ஃபோம் ஷீட்டையும் லேசரில் வெட்டச் சொல்லி யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். அது பிவிசி. வருகிற புகை அமிலம். மூச்சுக்கும் ஆபத்து, மெஷினின் ரெயிலும் லென்ஸும் அரித்துப்போகும். கட்டர் நின்றுவிட்டது, ஸ்டிக்கரை லேசரில் வெட்டிக்கொள்கிறேன் என்று ஒருவர் எழுதியிருந்ததைப் படித்ததும்தான் இதை எழுதத் தோன்றியது. தயவுசெய்து வேண்டாம்.

நவம்பர் 10

மழை தொடங்கிவிட்டது. போன வருஷம் டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. தாமிரபரணி ஏறி ஜங்ஷன் பகுதிக்குள் வந்தது. பாளையங்கோட்டை மேடு என்பதால் என் கடை தப்பியது. மேலே சொன்ன ஜங்ஷன் நண்பர் கடையில் இடுப்புக்குத் தண்ணீர். பிரிண்டர் ஸ்டாண்டில் நின்றாலும் கீழே இருந்த பவர் யூனிட், யுபிஎஸ், கம்ப்யூட்டர் எல்லாம் முங்கிவிட்டன. ஃப்ளெக்ஸ் ரோல் ஒவ்வொன்றும் உள்ளே சேறு புகுந்து சாக்கடை வாடை. அவருடைய ஸ்பேர் பார்ட்ஸ் எங்கே இருந்தன தெரியுமா? கீழ் டிராயரில்.

அன்றிலிருந்து நாங்கள் இருவரும் பார்ட்ஸ் டப்பாவையும் க்ளோன் டிஸ்க்கையும் பரணில் ஏற்றிவிட்டோம். இரண்டாவது கட்டரை அவர் மாடி வீட்டில் வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் சிபியு மேசைக்கு மேலே. பிளக் பாயிண்ட்களை மார்பு உயரத்துக்கு மாற்றிவிட்டார். தண்ணீர் வடிந்த பிறகு அவர் செய்த நல்ல காரியம், எதையும் ஆன் செய்து பார்க்காதது. போர்டுகளைக் கழற்றிக் கழுவி, முழுசாகக் காயவைத்து, டெக்னீஷியன் வந்த பிறகுதான் கரண்ட் கொடுத்தார். பிரிண்டர் போர்டு பிழைத்தது. அவசரப்பட்டு சுவிட்ச் போட்ட கடைகளில் பிழைக்கவில்லை.

அந்த வாரங்களில் அவர் ஆர்டர் எல்லாம் என் மெஷினில்தான் ஓடியது. பேனர் அடியில் அவர் கடைப் பெயர்தான்.

டிசம்பர் 1

நேற்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார், "மெஷின் வருவதற்கு முன்னால் போர்டே இல்லையா?" என்று. அவர் ஓவியர். நாற்பது வருஷம் தூரிகை பிடித்தவர்.

எங்கள் ஊரிலும் ஓர் ஆர்ட்டிஸ்ட் அண்ணாச்சி இருக்கிறார். ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தலைமுறையின் தொழிலை எப்படி நசுக்கியது என்பது தனிக் கதை. நானும் அந்த ஃப்ளெக்ஸில்தான் சாப்பிடுகிறேன், அந்த வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் வேலையை மட்டும் பார்த்தாலும் அவரை விட்டுவிடக் கூடாது. 2019-ல் சென்னையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண் இறந்த பிறகு பேனருக்கு நெருக்கடி இறுகியபோது, சுவர் எழுத்து கேட்டு வந்தவர்களை நான் அவரிடம்தான் அனுப்பினேன். இரும்பு ஷட்டரில் எழுத ஸ்டிக்கர் நிற்காது, அவர் கை நிற்கும். ஏற்றிய ஏசிபி (அலுமினியக் கலவைத் தகடு) போர்டில் கீறல் விழுந்தால் அவர் ஏணியில் ஏறி எனாமலைக் கலந்து, நிறம் ஒத்துப்போகிறதா என்று முதலில் நகத்தில் தொட்டுப் பார்த்து, அப்புறம் போர்டில் வைப்பார். அந்த நிறத்தை என் மெஷின் கலந்து காட்டட்டும் பார்க்கலாம்.

கரண்ட் இல்லாத ஒரு நாள், துக்க வீட்டுக்கு அவசரமாக ஒரு போர்டு வேண்டும் என்று வந்தார்கள். அண்ணாச்சி வெள்ளைத் துணியை நாலு மூலையும் இழுத்துக் கட்டினார். சாக்பீஸ் தடவிய நூலைச் சுண்டிக் கோடு போட்டார். பென்சிலே வைக்காமல் நேராகத் தூரிகையில் இறங்கினார். 'அ' எழுதும்போது சுழியில் தொடங்காமல் நெடுங்கோட்டில் தொடங்குகிறார். ஏன் என்று கேட்டேன். "கோடு நின்னாத்தான் தம்பி, சுழி எவ்ளோ பெருசு வேணும்னு தெரியும்" என்றார். இப்போது கம்ப்யூட்டரில் புது எழுத்து வரையும்போது நானும் அப்படித்தான் தொடங்குகிறேன்.

அவருக்கு வேலை கொடுங்கள். வருஷம் முழுக்கக் கொடுங்கள். அவசரத்துக்கு மட்டும் கூப்பிட்டால் அது மரியாதை இல்லை. பையனை அவர் பக்கத்தில் உட்காரவையுங்கள், கை கற்றுக்கொள்ளட்டும்.

2025 ஜனவரி 8

பொங்கல் வேலை. சின்னக் குறிப்பு மட்டும்.

மாட்டப் போகும் வேலைக்கு எல்லாரும் பெரிதாக யோசிக்கிறோம், ட்ரில் மெஷினை மறந்துவிடுகிறோம். ஏணி உச்சியில் ட்ரில் நின்றால் பாதிப் போர்டு தொங்கும். ட்ரில்லும் க்ரைண்டரும் நிற்பது பெரும்பாலும் கார்பன் பிரஷ் தேய்ந்து. இரண்டு பக்க மூடியைத் திறந்து மாற்றினால் ஓடும். உங்கள் ட்ரில் மாடலுக்குப் பொருந்தும் ஜோடி இரண்டை வாங்கி ட்ரில் பெட்டியிலேயே போட்டுவையுங்கள், ஒரு பெரிய டீ செலவுதான்.

எல்இடி போர்டுக்கு 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ், 5 ஆம்பியர், 10 ஆம்பியர், 33 ஆம்பியர் என்று வகைக்கு ஒன்று கையிருப்பு. பார்ட்டி கடை திறப்பு விழா அன்று பாதி எழுத்து எரியவில்லை என்று கூப்பிட்டால் அரை மணியில் போய் மாற்றிவிடலாம். போடும்போதே எண்பது சதவீதத்துக்கு மேல் லோட் கொடுக்காதீர்கள், அப்புறம் கூப்பிடவே மாட்டார்கள்.

ஜனவரி 22

தென்காசி நண்பர் எழுதியிருக்கிறார். பழைய பிரிண்டரை வாங்கவில்லை. பார்ட்ஸ் டப்பா, இரண்டாவது கட்டர், க்ளோன் டிஸ்க் வாங்கிவிட்டார். கையில் கொஞ்சம் பணம் மிச்சம், அடுத்து என்ன வாங்கலாம் என்கிறார்.

இன்னும் எதையும் வாங்க வேண்டாம். ஒரு நாளைக் குறியுங்கள், வேலை குறைவான மாசி மாசத்தில். அன்று காலை பிரிண்டரை நின்றுவிட்டதாக வைத்துக்கொண்டு அணைத்துவிடுங்கள். க்ளோன் டிஸ்க்கை மாட்டுங்கள். பையனை இரண்டாவது கட்டரில் உட்காரவையுங்கள். ஒரு பேனரை நண்பர் கடைக்கு அனுப்பி வாங்குங்கள். எங்கே தடுக்குகிறதோ அங்கே பணத்தைப் போடுங்கள். மத்தியானம் ஹெட் காயும் முன் பிரிண்டரை ஆன் செய்து நாஸில் செக் ஒன்று போட்டுவிடுங்கள்.